உப்பு டிரம்மில் அறுபது கிலோ செம்பு

செம்பு வாங்கியது முட்டாள்தனம் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். செம்பு விலை ஏறும் என்று நான் சொன்னேன், ஏறியது. எங்கே வாங்குவது, எவ்வளவு வாங்குவது, யாரிடம் திருப்பி விற்பது, எல்லாவற்றையும் சரியாகத்தான் யோசித்து வைத்திருந்தேன். ஒரே ஒரு இடத்தில் கோட்டை விட்டேன். அந்த ஒரு இடம் என் சொந்த வீட்டு அடுக்களையில் இருந்தது.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். கப்பலில் வருகிற சரக்குக்குச் சுங்கத்தில் காட்ட வேண்டிய காகிதங்களைத் தயார் செய்வது என் பொறுப்பு. மரக்கட்டை, முந்திரிக்கொட்டை, பழைய பேப்பர், பருப்பு என்று எது வந்தாலும் என் கம்ப்யூட்டரைத் தாண்டித்தான் ஊருக்குள் வர வேண்டும். செம்புக் கம்பியும் பழைய செம்பும் அப்படித்தான் வரும். டன் என்ன விலை என்பதை நானே என் கையால் அடிப்பேன். அடித்து அடித்து, அந்த எண் மாதத்துக்கு மாதம் எப்படி நகர்கிறது என்பது எனக்கு மனப்பாடமாகிவிட்டது. எவனோ டிவியில் வந்து சொன்னதைக் கேட்டு நான் முதலீடு செய்யவில்லை. பில்லைப் பார்த்துச் செய்தேன்.

என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் மணப்பாடு. சரக்குக் கப்பலில் போசன். மேல்தளத்தில் கயிறு, நங்கூரம், பெயிண்ட் எல்லாவற்றுக்கும் அவர்தான் மேஸ்திரி. வருஷத்தில் ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். எங்களுக்கு ஒரே மகள். அவளுடைய பத்தாம் வகுப்பு அரைப்பரீட்சை லீவில், அப்பாவும் ஊரில் இருந்த சமயம், சாப்பிட உட்கார்ந்த இடத்தில் தேங்காய் உடைத்த மாதிரிச் சொல்லிவிட்டாள். மரைன் இன்ஜினியரிங் படிக்கப் போகிறாளாம், கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை பார்க்கப் போகிறாளாம்.

அவர் வாயிலிருந்த மீன் முள்ளை எடுத்துத் தட்டோரத்தில் வைத்தார். "கப்பல்ல என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். எம் மவ அங்கன போவ மாட்டா. நர்ஸிங் படி, டீச்சருக்குப் படி. எவ்வளவு ஆனாலும் நான் கட்டுதேன்," என்றார்.

அதோடு பேச்சு முடிந்தது. அவள் பாதிச் சோற்றில் எழுந்து போனாள். அவர் மிச்ச மீனைச் சாப்பிட்டார். நான் ரசத்தை ஊற்றினேன். ஆனால் மனதுக்குள் முடிவெடுத்துவிட்டேன். இந்தப் பிள்ளை போவாள், நான் அனுப்புவேன்.

படிப்புக்கு வங்கியில் கடன் கிடைக்கும் என்று விசாரித்து வைத்தேன். முதல் தவணை மட்டும் கையிலிருந்து கட்ட வேண்டும். அவர் அனுப்புகிற பணத்தில் கை வைக்க எனக்கு மனசில்லை. அவருக்குப் பிடிக்காத காரியத்துக்கு அவர் பணத்தையே எடுப்பது சரியாகப் படவில்லை. என் சம்பளத்தில் மாதாமாதம் மிச்சம் பிடிக்கலாம். அதைத் தங்கமாக வாங்கலாமே என்றால், அங்கேதான் சிக்கல்.

எங்கள் வீட்டில் தங்கம் என்று ஒன்று நுழைந்துவிட்டால் அது கல்யாணத்துக்கு என்று ஆகிவிடும். யார் காசில் வாங்கினாலும் சரி, எதற்காக வாங்கினாலும் சரி. வீட்டுக்காரருடைய அக்கா, எனக்கு மைனி, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வருவார். பலகாரம் சாப்பிட்டு முடித்ததும், "ஏளா, பிள்ளைக்குச் சேத்ததைக் காட்டு பாப்போம்," என்பார். ஒரு நீளச் செயின், நாலு வளையல், ஒரு ஜோடி ஜிமிக்கி. ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார். போன வருஷத்தை விட ஒரு கிராம் குறைந்தாலும் அவர் கைக்குத் தெரியும், சத்தியமாகத் தெரியும். கூடினால் மணப்பாட்டில் இருக்கிற மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் அன்றைக்கே தெரியும். மைனி நல்லவர்தான், என் பிரசவத்துக்கு நாற்பது நாள் கூட இருந்தவர். ஆனாலும் அவர் கண் பட்ட பவுனை எடுத்துக் காலேஜில் கட்ட என்னால் முடியாது.

அப்போதுதான் செம்பு. மதுரையில் தங்கம், வெள்ளி பார் விற்கிற கடை ஒன்றில் கண்ணாடிக்குள் செம்புப் பார்களும் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு கிலோ. மேலே எடையும் தரமும் முத்திரையாகப் பதித்து, பிளாஸ்டிக் உறைக்குள் புதுச் செங்கல் நிறத்தில் பளபளவென்று இருந்தது. வட்டமான கெட்டி பிளாஸ்டிக் டப்பிகளில் செம்புக் காசுகளும் இருந்தன. நான் உடனே கையை நீட்டிவிடவில்லை. சாதாரணச் செம்பு விலையை விட இந்தப் பாருக்குக் கூடுதல் விலை என்பது எனக்குத் தெரியும், என்னிடமா கதை விட முடியும்? அதனால் கடைக்காரரிடம் முதல் கேள்வியே, திருப்பிக் கொண்டுவந்தால் என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்பதுதான்.

"பார் விலைக்கே எடுத்துக்கிருவோம்க்கா, கொஞ்சம் கழிவு இருக்கும். உறை பிரிச்சிருந்தாக்கூடப் பரவால்ல. மேல கறை, பள்ளம் எதுவும் இல்லாம இருக்கணும், அம்புட்டுதான்," என்றார். அதை ஒரு ரசீதில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

செம்பை யார் கழுத்தில் போட முடியும்? எந்த மைனி அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார்? எனக்கு அதுதான் பிடித்திருந்தது. மாதத்துக்கு இரண்டு பார். கையில் கொஞ்சம் கூட இருந்தால் இரண்டு காசு. சம்பளம் வந்த சனிக்கிழமை மதுரைக்கு பஸ் ஏறி, வாங்கி, தோள்பையில் போட்டுக்கொண்டு சாயங்காலத்துக்குள் வீடு திரும்பிவிடுவேன். பையை ஒருநாள் நகர்த்தி வைக்கப் பார்த்த கண்டக்டர், "என்னக்கா, அம்மிக்கல்லா?" என்றார். "ஆமா தம்பி, மருமகனுக்குச் சீர்," என்றேன்.

யாரிடமும் சொல்லவில்லை. செம்பு ஆலைக்கு எதிரான போராட்டத்தில் உயிர்கள் போன பிறகு, எங்கள் ஊரில் செம்பு என்ற சொல்லுக்கு வேறு ஒரு கனம் உண்டு. அந்தத் துக்கத்தைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அதை என் கதைக்குள் இழுக்க எனக்கு உரிமையில்லை. வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்தது.

இனி வைப்பதற்கு இடம். எங்கள் கடற்கரைப் பெண்களுக்கு இதில் யோசனையே தேவையில்லை. திருவிழாவுக்கோ வெளியூருக்கோ போகும்போது நகையைத் துணியில் முடிந்து உப்பு ஜாடிக்குள் புதைத்துவிட்டுப் போவோம். திருடன் பீரோவை உடைப்பான், அரிசிப் பானையைக் கவிழ்ப்பான், உப்புக்குள் கையை விட மாட்டான். என் அம்மா அப்படித்தான் வைத்தாள், கல்யாணமான நாளிலிருந்து நானும் அப்படித்தான். ஒரு குண்டுமணி குறைந்ததில்லை, ஒரு பொட்டு நிறம் மாறியதில்லை. மீன் உப்புப் போட்டுக் காயவைக்கிற வீடுகளில் நீல டிரம் நிறையக் கல்லுப்பு கிடப்பது எங்கள் தெருவில் அதிசயமே இல்லை. நான் ஒரு டிரம் வாங்கி, ஒரு மூட்டை உப்பைக் கொட்டி, அடுக்களை மூலையில் நிறுத்தினேன். பிளாஸ்டிக் உறை வியர்க்கும் என்று அதைக் கிழித்துப் போட்டேன். இரண்டிரண்டு பாராகப் பழைய வேட்டித் துணியில் முடிந்து உப்புக்குள் ஆழமாகச் செருகினேன். நிரம்ப நிரம்ப மேலே உப்பைப் போட்டேன். உள்ளே போனதை எடுத்து எடுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கமில்லை, கண் படும் என்பார்கள். காசுகளை மட்டும், டப்பியைத் திறக்கச் சோம்பல்பட்டு, தையல் மிஷின் டிராயருக்குள் அப்படியே போட்டு வைத்தேன்.

டிரம் அசைக்கவே முடியாத கனமாக ஆனபோது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! அடுக்களையில் மீன் கழுவும்போதெல்லாம் அதைப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன். ஆபீஸில் செம்பு பில் வந்தால் மற்றவர்களுக்கு அது ஒரு வேலை. எனக்கு என் வீட்டு டிரம் வளர்கிற கணக்கு. விலை ஏறிய மாதங்களில் எல்லோருக்கும் என் செலவில் பஜ்ஜி வாங்கித் தருவேன். ஏன் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். நுழைவுத் தேர்வு எழுதினாள், மெடிக்கல் பார்த்தார்கள், கண் சோதனையில் தேறினாள், இடம் கிடைத்தது. முதல் தவணை வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டும், தவறினால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று மெயில் வந்தது. அவள் போனை என் முன்னால் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் நின்றாள். கேட்டால் நான் இல்லை என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்தாள் போலிருக்கிறது. அது சனிக்கிழமை காலை. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "வா, உனக்கு ஒண்ணு காட்டுதேன்," என்று அடுக்களைக்குக் கூட்டிப்போனேன்.

மேலாக இருந்த உப்பை இரண்டு பேரும் முறத்தில் வாரிக் கொட்டினோம். கடைசியாக வைத்த இரண்டு முடிச்சுகள் வந்தன. துணி லேசாக ஈரம், அவ்வளவுதான். நாலு பாரும் கொஞ்சம் மங்கியிருந்தன. அவளுக்குக் கண் விரிந்தது. "எம்மா, இது என்ன?" என்றாள். "ஒன் காலேஜு," என்றேன். அந்த நிமிஷம் எனக்கு இருந்த மிதப்பு இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த முடிச்சு பச்சையாக வந்தது. அதற்கடுத்தது இன்னும் பச்சை. அதற்குக் கீழே உப்பே பச்சையாக, கெட்டியாக, ஈரமாக இருந்தது. துணி கையோடு பிய்ந்து வந்தது. பார்மேல் பாசி படிந்த மாதிரிப் பொருக்கு. விரலால் தள்ளினால் உதிர்ந்து, அடியில் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருந்தது. முத்திரையைப் படிக்க முடியவில்லை. "சேசுவே!" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் ஒரு பாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எம்மா, உப்புல ஈரம் ஏறுனா செம்ப அரிச்சிரும். இது எட்டாங்கிளாஸ் பாடம். யாராச்சும் உப்புக்குள்ள செம்ப வைப்பாவளா?"

"தங்கத்த வைக்கோம்லா?" என்றேன்.

"தங்கம் கெடாது. அதுக்குத்தானம்மா அது தங்கம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில், "போளா, எல்லாம் தெரிஞ்சவளே!" என்று கத்தினேன். அவள் சிரித்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள், பிறகு அழுதாள். இரண்டரை வருஷம் நான் மாதாமாதம் மதுரைக்குப் போனது எதற்கு என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மூட்டு வலிக்கு வைத்தியம் பார்க்கப் போகிறேன் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த பிறகும் புளி போட்டுத் தேய்த்தோம், எலுமிச்சை போட்டுத் தேய்த்தோம். பச்சை போனது. குழி போகவில்லை. திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, பாதிப் பார்களை அவள் ஒரு பையிலும் மீதியை நான் இரண்டு பையிலுமாகச் சுமந்துகொண்டு, ஒரு வண்டி பிடித்து மதுரைக்குப் போனோம். கடைக்காரர் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். எடையும் குறைந்திருந்தது. மேலே கிடந்த நாலு பாரையும் டப்பியில் இருந்த காசுகளையும் மட்டும் ஒதுக்கி எடுத்தார். காசுக்கு நல்ல விலை, நான் போட்ட கணக்கை விடக் கூடவே கிடைத்தது. என் சோம்பேறித்தனம் சம்பாதித்துக் கொடுத்த காசு அது. மீதி ஐம்பத்தாறு பாரை என் பக்கம் தள்ளினார்.

"இத உருக்கத்தான்க்கா செய்யணும். பழைய செம்பு எடுக்குற எடத்துல குடுங்க," என்றார். ரசீதை நீட்டினேன். கறை, பள்ளம் என்று அவர் எழுதியிருந்த வரியின்மேல் விரலை வைத்தார். பார்களைத் திரும்பப் பையில் அடுக்கினேன்.

செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர்ப் பழைய இரும்புக்கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். படகு மோட்டார், கேபிள், புரோப்பல்லர் என்று உப்பில் ஊறிய உலோகமாகவே பார்த்துப் பழகியவர். ஒரு பாரின் ஓரத்தை அரத்தால் ராவிப் பார்த்தார். உள்ளே சிவப்பாக மின்னியது.

"சுத்தச் செம்புதான் எக்கா. ஆனா உப்புக் காத்துல கெடந்த மாதிரி இல்லியே. உப்புக்குள்ளயே கெடந்த மாதிரில்லா இருக்கு?"

"அண்ணாச்சி, விலையச் சொல்லுங்க," என்றேன்.

அவர் எடை பார்த்தார். பழைய செம்பு விலை போட்டார், நியாயமான விலைதான். செம்பு உலகச் சந்தையில் நான் சொன்ன மாதிரியே ஏறியிருந்ததால் அந்த விலையே முன்பு இருந்ததற்கு எவ்வளவோ மேல். அப்படியும் காசு விற்றதையும் நாலு பார் விற்றதையும் சேர்த்துப் பார்த்தால் முதல் தவணையில் பாதியைக் கொஞ்சம் தாண்டியது. மூன்று நாள்தான் இருந்தது.

வீட்டில் செயினும் வளையலும் இருந்தன. புதன்கிழமை சாயங்காலம் அவற்றை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கவரிங்கில் அதே மாதிரிச் செய்து வைத்துவிட்டால் மைனியின் உள்ளங்கையை ஏமாற்ற முடியுமா என்றுகூட யோசித்தேன். பிறகு என்மேலேயே எரிச்சல் வந்தது. ஆபீஸில் சுங்க அதிகாரியிடம் வாதாடுகிறவள் நான். மீன்காரியிடம் பேரம் பேசி ஜெயிக்கிறவள் நான். சொந்தப் புருஷனிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லப் பயந்து அறுபது கிலோ செம்பை முதுகில் சுமந்திருக்கிறேன். அதை அன்றைக்கு முதன்முதலாக ஒத்துக்கொண்டேன். போனை எடுத்தேன்.

அவர் கப்பல் அப்போது ஏதோ துறைமுகத்துக்கு வெளியே நங்கூரத்தில் நின்றது, அதனால் சிக்னல் இருந்தது. மகள் வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். மதுரை, பார், உப்பு டிரம், அண்ணாச்சி, பாக்கி. "செயினையோ வளையலையோ விக்கப் போறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டணும். இவ கப்பலுக்குப் படிக்கப் போறா," என்றேன்.

"ஏளா, அன்னைக்கே சொன்னேன்லா?" அவர் குரல் உயர்ந்தது. "நீ கப்பலப் பாத்திருக்கியா? ஆறு மாசம், ஒம்பது மாசம், சுத்தி அத்தன பேரும் ஆம்பளையளு. அவனுவ எப்படிப்பட்டவனுவன்னு எனக்குத் தெரியும். ஒனக்கு ஒரு எழவும் தெரியாது."

நானும் குரலை உயர்த்தினேன். "அப்படிப்பட்டவனுவ கூடத்தான் இருவத்திரெண்டு வருசமா நீங்க இருக்கிய. நீங்க எப்படி இருக்கிய அங்கன? நல்லவராத்தான இருக்கிய? ஒரு நாள் உங்களச் சந்தேகப்பட்டிருப்பேனா நான்? எம் புள்ள போற கப்பல்லயும் உங்கள மாதிரி ஒரு போசன் இருப்பாரு. இருக்க மாட்டாரா? சொல்லுங்க!"

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன், இருந்தது. எங்கேயோ சங்கிலி இழுபடுகிற சத்தமும் யாரோ அவரைக் கூப்பிடுகிற சத்தமும் கேட்டன. என் மகள் நிலையை விட்டு நகர்ந்து என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வளையல விக்காத," என்றார் கடைசியில். "நாலுலயும் செய்கூலி நெறைய. கடக்காரன் அதத் திருப்பித் தர மாட்டான், வெறும் தங்கத்துக்குத்தான் போடுவான். செயின வித்துரு. செயின்ல அவ்வளவா நட்டம் வராது."

"சரி," என்றேன்.

"அக்கா கேட்டா நான் விக்கச் சொன்னேன்னு சொல்லு."

"சரி."

அவர் வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அவ காலு என்ன சைஸு?"

"எதுக்கு?"

"இன்ஜின் ரூம்ல விரலு மேல இரும்புத் தொப்பி வச்ச ஷூ போடணும்ளா. கப்பல்ல எல்லாம் ஆம்பள சைஸுதான் வச்சிருப்பானுவ. பெரிய ஷூவப் போட்டுக்கிட்டு ஏணியில எறங்குனா தடுக்கி விழுந்துருவா. சிங்கப்பூர்ல எறங்கும்போது சின்னதா கெடைக்குதான்னு பாக்கேன்."

நான் மகளைப் பார்த்தேன். அவள் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையின் ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினாள்.

"அஞ்சு," என்றேன்.